பண்ணைக் கடலோரத்து ஐங்கோணக் கோட்டை

பண்ணைப் பாலத்தின் வழியே தீவுப் பகுதியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குள் வருவோரின் கண்களுக்கு முன்னே தோன்றுவது கோட்டையின் கருத்த மதில். அன்று மாலை நாமும் அவ்வழியே வந்து, முற்றவெளியில் இறங்கி, அகழியைக் கடந்து உள்ளே சென்றோம். எம்முடன் வந்த சிறுவன், "இது எந்த அரசன் கட்டிய கோட்டை?" என்று வினவினான். எளிய வினாத்தான், ஆயினும் விடை கூறி முடிப்பதற்குள் மதிலின் மேல் ஒருமுறை சுற்றி வந்துவிட்டோம்.

தமிழரசன் எவனும் இதனைக் கட்டவில்லை. யாழ்ப்பாண அரசரின் இராசதானி நல்லூர். 1619இல் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா, பின்னர் நல்லூரை விட்டு ஆட்சிப்பீடத்தைக் கடற்கரைக்கு மாற்றினான். கடல்வழி வந்தவனுக்குக் கடலே துணையன்றோ! 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அக்கோயிற் கற்களே இக்கோட்டைக்குச் சுமந்து வரப்பட்டன என்பது எம் பாட்டன்மார் காலந்தொட்டு வழங்கிவரும் செய்தி. நல்லூருக்கும் இவ்விடத்துக்கும் நடந்தே போய்வரலாம். சொந்தக் கோயிலின் கல்லைத் தோளில் ஏற்றி அவ்வழியே நடந்தவர்களின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் வந்து மூன்று மாதத்துக்கு மேலாக அதனை முற்றுகையிட்டனர். உள்ளே பசியும் நோயும் பெருகவே, யூன் 22ஆம் நாள் கோட்டை கைமாறியது. புதிய எசமானருக்குப் பழைய கோட்டை பிடிக்கவில்லை. அதனை அகற்றி, இன்று நாம் காணும் ஐங்கோண வடிவை எழுப்பினர். மூலைக்கொன்றாக ஐந்து கொத்தளங்கள். ஒன்றிலுள்ள பீரங்கி அடுத்ததன் மதிலடியைக் காக்கும் வகையில் அவை அமைந்துள்ளன. அவற்றுக்குச் சீலண்ட், ஒல்லாண்ட், கெல்டர்லண்ட், உட்ரெக்ட், பிறீஸ்லண்ட் என்று தம் நாட்டு மாகாணங்களின் பெயரையே சூட்டினர். பெயர் ஒல்லாந்தருடையது, முருகைக்கல்லும் சுண்ணாம்பும் இந்நாட்டுக்குரியவை, உழைப்போ, 'ஊழியம்' என்ற பெயரில் கூலியின்றி வாங்கப்பட்ட எம்மவர் உழைப்பு. 1706இல் உள்ளே சிலுவை வடிவில் ஒரு தேவாலயமும் எழுந்தது.

இதன் பின் நடந்ததுதான் விந்தை. வெளி அரண்களின் வேலை 1792இலேதான் முற்றுப்பெற்றது. மூன்றே ஆண்டில், 1795 செப்ரெம்பர் 28இல், ஒரு வெடிகூடத் தீர்க்காமல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று! ஒல்லாந்து நாடு பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்திருந்தது. இலண்டனுக்குத் தப்பியோடிய அதன் தலைவர், குடியேற்ற நாடுகளில் ஆங்கிலேயருக்கு இடமளிக்குமாறு கடிதம் எழுதியிருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்தவர்களை எண்ணியபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டை உறங்கியது எனலாம். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப், 1905இல் இளம் அதிகாரியாக வந்து, மதில்மேலிருந்த பங்களாவில் வாழ்ந்தார். உள்ளே சிறைச்சாலையும் இருந்தது. றோகண விஜேவீர அங்கு அடைக்கப்பட்டிருந்த 1971இல், அவரை மீட்க வந்தோர் கோட்டையைத் தாக்கித் தோற்றனர்.

அந்நியர் பீரங்கிக்குத் தப்பிய மதில்கள் இந்நாட்டு யுத்தத்துக்குத் தப்பவில்லை. 1990 யூனில் விடுதலைப் புலிகள் முற்றுகையிட, உள்ளே இராணுவம். மேலே ஆகாய விமானங்கள். சுற்றியிருந்த தெருக்கள் ஆளற்றுப் போயின. செப்ரெம்பர் 26இல் இராணுவம் வெளியேறியது. கோட்டையைப் பெற்ற புலிகள் மதில்களிற் பல பகுதிகளை இடித்தனர். 1995 இறுதியில் அது மீண்டும் இராணுவத்தின் கைக்கு வந்தது. இருநூற்றெண்பது ஆண்டு நின்ற தேவாலயம் கற்குவியலாயிற்று. 2009இல் யுத்தம் முடிந்தபின், நெதர்லாந்தின் உதவியுடன் தொல்லியல் திணைக்களம் மதில்களைத் திருத்தத் தொடங்கியது.

அகழ்ந்தபோது கிடைத்தவையே எம்மை மிகக் கவர்ந்தன. போர்த்துக்கேயருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட மட்பாண்டத் துண்டுகள், இந்தியக் கரையிலிருந்து வந்தவை, சீனத்துப் பீங்கான்கள் எனப் பல. அக்காலத்தில் இங்கே மதில் இருந்ததோ இல்லையோ, வணிகர் வந்து இறங்கிய துறை ஒன்று இருந்திருக்கிறது.

கதிரவன் கடலில் இறங்கும் வேளை. மதில்மேல் குடும்பம் குடும்பமாகச் சனங்கள் அமர்ந்திருந்தனர். ஒரு தாய் கச்சான் உரித்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அப்படியானால் இப்போது இது யாருடையது?" என்றான் சிறுவன். தொல்லியல் திணைக்களத்தினுடையது என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் வாயில் சாத்தும் நேரமாயிற்று என்று காவலாளி குரல் கொடுத்தார்.