அன்னம் உடைந்த விளக்கு

"உங்க கொரல் எனக்கு நல்லாத் தெரியும்மா. காலையில தோசை ஊத்தும்போதெல்லாம் ரேடியோவுல நீங்கதான் பேசிக்கிட்டு இருப்பீங்க. அந்தக் கொரலா எனக்கு இப்படி எழுதுச்சு?"

2022ஆம் ஆண்டு தைப்பூச வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சிம்பாங் ரெங்கத்திலிருந்து அழைத்த ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் பேசக்கூடிய எனக்கு அன்று பதில் வரவில்லை.

நான் வானொலி அறிவிப்பாளர். ஊடகவியலில் பட்டம் பெற்று இந்த வேலைக்கு வந்தவள். எங்கள் துறையில் பலருக்கும் சம்பளத்தோடு இன்னொரு வருமானம் உண்டு. வார இறுதிகளில் திருமண விருந்து, பிறந்தநாள், ஆலய நிகழ்ச்சி என்று மேடை ஏறி நெறியாளராகப் பேசுவோம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மண்டபங்கள் மூடப்பட்டன. கையில் இருந்த முன்பணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக் கடனும் காருக்கான மாதத் தவணையும் மட்டும் நிற்கவில்லை.

அப்போது தொடங்கியதுதான் இணையத்தில் விளக்கு விற்பனை. ஜோகூர் பாருவில் ராஜமாரியம்மன் ஆலயம் இருக்கும் ஜாலான் உங்கு புவான் பக்கம், அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மொத்த வியாபாரி இருந்தார். அவரிடம் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் வரும். புவிசார் குறியீடு பெற்ற விளக்குகள் அவை. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டு ஒன்றோடொன்று இணைப்பார்கள். விளக்கேற்றி வழிபட ஆலயம் போக முடியாத காலம் என்பதால் வீட்டுக்கு நல்ல விளக்கு வேண்டும் என்று கேட்டவர்கள் அதிகம். என் குரலைத் தெரிந்தவர்கள் முகநூலில் பார்த்து நம்பிக்கையோடு வாங்கினார்கள்.

முதல் ஆண்டிலேயே ஓர் ஏமாற்றுக்காரரிடம் மாட்டினேன். "காலிப் பெட்டிதான் வந்தது" என்றார். 140 வெள்ளியைத் திருப்பி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து அதே விளக்கைத் தன் பூசையறைப் படத்தில் அவரே போட்டிருந்தார். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இல்லாவிட்டால் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. இதைச் சிவப்பு எழுத்தில் என் பக்கத்தில் ஒட்டியும் வைத்தேன். அதைப் போட்டதும் பெரிய பாதுகாப்பு வந்துவிட்டது போல் இருந்தது.

சிம்பாங் ரெங்கம் அம்மா ஒரு சோடி விளக்கு கேட்டிருந்தார். விலை 360 வெள்ளி. மருமகன் மூலம் வங்கியில் பணம் போட்டுவிட்டார். தைப்பூசத்துக்கு முதல் நாள் பெட்டி அவர் கைக்குப் போனது. அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு விளக்கின் அன்னம் கழுத்தோடு முறிந்து கிடந்தது.

நான் உடனே கேட்டது, "காணொளி இருக்கிறதா?"

இல்லை என்றார். விதியை ஒட்டி அனுப்பினேன். மறுநாள் இன்னொரு படம் வந்தது. "இது நீங்கள் கீழே போட்டதால் உடைந்திருக்கலாம்" என்று எழுதினேன். அதற்கடுத்த நாள், பணம் வேண்டாம், வேறு விளக்காவது கிடைக்குமா என்று கேட்டார். முடிவு சொல்ல அவகாசம் வேண்டும் என்றேன். இப்படியே வியாழன் வந்துவிட்டது. வெள்ளி இரவுதான் அந்த அழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கிரகப்பிரவேசம். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பிறகு வாடகை வீடு வாடகை வீடாக மாறி, ஐம்பத்தெட்டு வயதில்தான் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறார். "ஒடஞ்ச வெளக்க வச்சு எப்படிம்மா பால் காய்ச்சறது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செய்தி எழுதும் வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, இரு தரப்பையும் விசாரிக்காமல் எழுதாதே என்பது. நான்கு நாளாக நான் ஒரு தடவைகூட அவரை அழைத்துப் பேசவில்லை. எழுதியது எல்லாம் விதி.

சனிக்கிழமை காலை அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் கிளம்பினேன். காரில் ஒரு புதிய சோடி. அப்பா பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வழியில் எதுவும் பேசவில்லை.

அந்த அம்மா பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அப்பாதான் அதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது. மேலே ஏதோ கனமான பெட்டி ஏறியிருக்க வேண்டும். பிறகு உள்ளே கையை விட்டு நான் வைத்திருந்த நாளிதழ்த் தாள்களை எடுத்தார். நான்கே நான்கு தாள். அன்னத்தைத் தனியாகக் கழற்றிச் சுற்றாமல், தண்டோடு மரையில் மாட்டியபடியே வைத்திருந்தேன்.

"லோரியில பெட்டிய யாரும் பூப்போல வைக்க மாட்டாங்க. பத்துப் பெட்டி மேல ஏறும்னு நெனச்சுக் கட்டணும். இது நீ ஒடச்ச வெளக்கு" என்றார் அப்பா.

நான் புதிய சோடியை நீட்டினேன். அந்த அம்மா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை என்னிடமே திருப்பித் தந்தார். "ஒண்ணுதானே ஒடஞ்சுச்சு. ரெண்டு எனக்கு எதுக்கும்மா?" பொய் சொல்லியிருப்பார் என்று நான்கு நாள் நான் சந்தேகப்பட்ட மனுஷி அவர். உடைந்த விளக்கை வாங்கிக்கொண்டு, அவர் வற்புறுத்திக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்தது காப்புறுதி. அந்தப் பெட்டிக்குக் கூடுதலாகச் சில வெள்ளி கட்டிக் காப்புறுதி எடுத்திருந்தேன். ஆகவே 180 வெள்ளி வந்துவிடும் என்று நம்பிப் பாரத்தை நிரப்பினேன். இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் இரண்டு. பொருள் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் தகவல் தரவில்லை. பொதிவு போதுமானதாக இல்லை.

முதல் காரணத்தைப் படித்தபோது வாயடைத்துப் போனேன். அந்த அம்மா முதல் இரவே சொல்லிவிட்டார். கெடு கடந்து போனது நான் அவரோடு வாதாடிக்கொண்டிருந்த நாட்களில். அவரை நம்பியிருந்தால் என் கோரிக்கையும் நேரத்தோடு போயிருக்கும்.

பிறகுதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இதில் இருப்பவை இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். வாங்கியவருடைய ஒப்பந்தம் என்னோடு. என்னுடைய ஒப்பந்தம் கூரியரோடு. கூரியர் எனக்குப் பணம் தருகிறதா இல்லையா என்பது அவருடைய கவலை அல்ல. "காப்புறுதிப் பணம் வந்ததும் உங்களுக்குத் தருகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளர் தன் சுமையை வாங்கியவர் தலையில் ஏற்றுகிறார். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2007இல் செய்த திருத்தத்துக்குப் பின் இணைய வணிகத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சட்டம் தரும் உத்தரவாதத்தை, "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று எழுதி ஒட்டி நாம் அகற்ற முடியாது. என் சிவப்பு எழுத்து விதிக்கு நான் நினைத்த பலம் இல்லை. காணொளி நல்ல சாட்சிதான். அது இல்லை என்பதால் மட்டும் ஒருவருடைய உரிமை போய்விடாது.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்கு மனுச் செய்யலாம். மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். சிம்பாங் ரெங்கம் அம்மா அங்கே போயிருந்தால் என்னிடம் சொல்வதற்கு நியாயமான பதில் எதுவும் இருந்திருக்காது. அப்படி ஒரு மன்றம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நம் சமூகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரியாது.

கூரியர் நிறுவனங்களுக்கும் மேலே ஓர் அமைப்பு உண்டு. 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் அவற்றுக்கு உரிமம் தருவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் செய்து, அதன் பதில் சரியில்லை என்றால் ஆணையத்திடம் போகலாம்.

வழியில் நட்டமானால் யார் தாங்குவது என்ற கேள்வி இணையத்தோடு பிறந்தது அல்ல. 2021 மார்ச் 23ஆம் தேதி சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றது நினைவிருக்கும். கப்பலை மீட்ட செலவை, அதில் சரக்கு ஏற்றியிருந்த எல்லாருமே பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று உரிமையாளர் அறிவித்தார். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் எறிந்தால், மூட்டை தப்பியவர்களும் அந்த நட்டத்தில் பங்கேற்க வேண்டும் என்ற பழைய கடல் வழக்கத்திலிருந்து வந்தது அது. காப்புறுதி எடுத்திருந்தவர்களின் பங்கைக் காப்புறுதி நிறுவனங்கள் பார்த்துக்கொண்டன. எடுக்காதவர்கள் கைப்பணத்தைத் தேட வேண்டியிருந்தது. என் குத்துவிளக்குக்கும் அந்தப் பெருங்கப்பலுக்கும் கணக்கு ஒன்றுதான். யார் எதைத் தாங்குவது என்பது பொருள் கிளம்பும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது என் வழக்கம் மாறிவிட்டது. அன்னத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றுகிறேன். சிறிய பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, நடுவே நான்கு பக்கமும் இரண்டு விரல் கனத்துக்கு மெத்தை கொடுக்கிறேன். மூடிய பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. இது அப்பாவின் சோதனை. பொதிவதை நானே காணொளி எடுத்து வைக்கிறேன். சாட்சி தேடும் பாரம் வாங்கியவருக்கு ஏன்? காப்புறுதிக்குக் கட்டும் தொகையைக் குறைக்கப் பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதுவதில்லை. எழுதிய மதிப்புக்கு மேல் எவரும் தர மாட்டார்கள். மொத்த வியாபாரியின் ரசீதையும் பத்திரப்படுத்துகிறேன். கூரியரின் நிபந்தனைகளில் கண்ணாடி, மண்பாண்டம், உணவு போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்க்கிறேன்.

புகார் வந்தால் முதல் வேலை, தொலைபேசியில் அழைத்துப் பேசுவது. இரண்டாவது, அன்றே கூரியருக்குத் தகவல் கொடுப்பது. மூன்றாவது, வாங்கியவருக்குப் பணமோ மாற்றுப் பொருளோ தருவது. கோரிக்கையின் முடிவுக்காக அவரைக் காக்க வைப்பதில்லை. இதற்கென்று ஒவ்வொரு விற்பனையிலும் 2 வெள்ளி தனியாக எடுத்து வைக்கிறேன்.

ஒருமுறை மீரிக்குப் போன பெட்டி காணாமல் போனது. அன்றே மாற்று விளக்கு அனுப்பினேன். ரசீது, காணொளி, எடை போட்ட சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கோரிக்கை அனுப்பினேன். ஐந்து வாரத்தில் பணம் வந்தது. நான் வாங்கிய விலைதான் வந்தது. விற்ற விலை அல்ல. இலாபத்துக்குக் காப்புறுதி இல்லை என்பது அன்று தெரிந்தது.

இதற்குப் பிறகு யாருமே ஏமாற்றவில்லையா என்று கேட்பீர்கள். இருவர் ஏமாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த 2 வெள்ளிச் சேமிப்பிலிருந்து போனது. அவர்கள் இருவருக்காக மற்ற எல்லாரையும் திருடர்களாக நடத்திய காலத்தில் எனக்கு ஆன நட்டம் இதைவிட அதிகம்.

அன்னம் உடைந்த அந்த விளக்கை நான் விற்கவும் இல்லை, உருக்கக் கொடுக்கவும் இல்லை. பொதியும் மேசையின் ஓரத்தில் நிற்கிறது. அப்பா அதன் மேல்தான் டேப்புச் சுருளை மாட்டி வைக்கிறார்.