தூண்களுக்குக் கீழே ஒரு கால்வாய்

சென்னையில் பறக்கும் ரயிலில் தினமும் போகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சேப்பாக்கம் தாண்டினதும் ரயில் எதன் மேல் போகிறது என்று. சிலர் கூவம் என்பார்கள். பெரும்பாலானவர்கள் "ஏதோ சாக்கடைங்க" என்பார்கள். அது பக்கிங்ஹாம் கால்வாய். கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்களோடு சேர்த்துப் பார்த்தால், காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் படகு போன வழி.

எனக்குச் சொந்த ஊர் பழனிப் பக்கம் கீரனூர். எங்கள் ஊரில் வாய்க்கால் என்றால் வயலுக்குத் தண்ணி போகிற வழி, அவ்வளவுதான். ஒரு நகரத்துக்கு நடுவே உப்புத்தண்ணியில் படகு போவதற்கென்றே கால்வாய் வெட்டினார்கள் என்பது, வேலைக்காகச் சென்னை வந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற நம்மில் பல பேர் தினமும் அதற்குப் பக்கத்திலேயேதான் போய் வருகிறோம்.

கதை 1806இல் தொடங்குகிறது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் பணம் போட, மதராஸிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் கால்வாய் வந்தது. 1837இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. அடையாற்றுக்குத் தெற்கேயும் ஒரு கால்வாய் வந்தது. ஆனால் இரண்டும் சேரவில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே 8 கிலோமீட்டர் பாக்கி இருந்தது. நடுவில் ஊர்.

அந்த இடைவெளியை அடைத்தது பஞ்சம். எங்கள் அப்பத்தா, யாராவது அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால், "தாது வருசத்துல அடிபட்டவனாட்டம் திங்கறான் பாரு" என்று சொல்லும். அது ஏதோ வசவு என்றுதான் நினைத்திருந்தேன். தாது வருஷம் என்பது 1876. மழை பொய்த்து, மதராஸ் மாகாணமே காய்ந்தது. பழனி அப்போது மதுரை ஜில்லா. எங்கள் பக்கமும் தப்பவில்லை. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதே வருஷங்களில் இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டும் இருந்தது.

அரசாங்கம் சோற்றைச் சும்மா போட விரும்பவில்லை. வேலை செய்தால் கூலி. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் ஆண்களுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆளுக்கு. இது பத்தாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்ட பிறகுதான் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். இப்படிப்பட்ட பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்றாகத்தான் அந்த 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. கால்வாய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பிறகு ஊருக்கு அது நன்றாகவே உழைத்தது. விறகும் உப்பும் நெல்லும் அதில்தான் வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்கிற ஆள். பாரதிதாசன் இந்த வழியே படகில் மாமல்லபுரம் போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று எழுதினார். ரயிலும் லாரியும் வந்ததும் சரக்கு குறைந்தது. 1965, 1966 புயல்கள் கால்வாயை உடைத்துப் போட்டன. படகு நின்ற இடத்துக்குக் கழிவுநீர் வந்தது.

அப்புறம் பறக்கும் ரயில். நகரத்துக்குள் புதுசாக ஒரு ரயில் பாதை போட வேண்டும் என்றால் வீடு, கடை, கோயில் என்று எத்தனை பேரிடம் இடம் வாங்க வேண்டும்! கால்வாயோ அரசாங்க நிலம்; ஊரின் நடுவே நேராகப் போகிறது. தூண்களைத் தண்ணிக்குள்ளேயே இறக்கினார்கள். 1995இல் கடற்கரை முதல் சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2007இல் வேளச்சேரி. இதில் சேப்பாக்கம் தொடங்கி அடையாறு வரையிலான துண்டு, பஞ்சத்தில் வெட்டிய அதே துண்டு. ஆக இந்தக் கால்வாய் பிறந்ததற்கும் ஒடுங்கினதற்கும் காரணம் ஒன்றுதான். அன்றைக்கு உயிர் மலிவாகக் கிடைத்தது, இன்றைக்கு நிலம் மலிவாகக் கிடைத்தது.

இவ்வளவும் பழங்கதைதானே என்று விட்டுவிட முடியாது. 2004 சுனாமியின்போது பெத்தகஞ்சம் முதல் சென்னை வரை பல இடங்களில் உள்ளே புகுந்த கடல்நீரை இந்தக் கால்வாய்தான் வாங்கிக்கொண்டது. பெருமழையிலும் தண்ணி இந்த வழியைத்தான் தேடி வருகிறது. வந்தால் தூண் இடிக்கிறது, சேறு அடைக்கிறது. உடனே "ஆக்கிரமிப்பை அகற்று" என்ற குரல் எழும். கரையில் குடிசை போட்டிருந்த எத்தனையோ குடும்பங்களை ஊரின் விளிம்புக்கு, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அவர்கள் வர வேண்டிய இடம் என்னவோ இன்னமும் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும்தான்.

கரையில் ஒரு குடிசை நின்றால் அதன் பெயர் ஆக்கிரமிப்பு. தண்ணிக்கு நடுவே கான்கிரீட் தூண் வரிசையாக நின்றால் அதன் பெயர் திட்டம். நானும் அந்த ரயிலில்தான் போகிறேன், அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கால்வாயை மீட்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: அளவு நாடாவை எங்கே முதலில் வைக்கிறார்கள், தூணிலா, குடிசை வாசலிலா?