விலகினாலும் நீங்காத இலக்கம்

2020 பொதுத்தேர்தலுக்கான வேட்புமனுக்கள் மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. ஏப்ரல் 25இல் நடக்கவிருந்த வாக்களிப்பு, கொரோனாவால் முதலில் ஜூன் 20க்கும், பிறகு ஆகஸ்ட் 5க்கும் தள்ளிப்போனது. அந்த இடைக்காலத்தில்தான் பூண்டுலோயா பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சுயேச்சைக் குழுவின் வேட்பாளர். தகப்பனார் படுத்த படுக்கை. ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்து முதலும் கரைந்துவிட்டது.

"என் பேர எடுத்து விட்ருங்க சேர்" என்றார்.

விலகச் சொல்லி யாராவது காசு கொடுத்தார்களா என்று முதலில் கேட்டேன். அப்படியானால் இந்த விஷயத்தைத் தொடமாட்டேன் என்றும் சொன்னேன். இல்லையென்று தகப்பன் மேல் சத்தியம் செய்தார்.

மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். அதனால் ஒவ்வொரு பட்டியலிலும் பதினொரு பேர். சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 2,000 ரூபா. வாக்காளர் முதலில் குழுவின் சின்னத்துக்குப் புள்ளடி இடுவார், பிறகு விரும்பினால் மூன்று பேருக்கு வரை அவரவர் இலக்கத்தில் விருப்பு வாக்கு அளிப்பார். பட்டியல் ஏற்கப்பட்டுவிட்டால், ஒருவர் மனம் மாறியதற்காக அவருடைய இலக்கம் வாக்குச்சீட்டிலிருந்து நீங்காது.

"தொண்டமான் ஐயாவுக்குப் பதிலா அவரு மகனப் போட்டாங்களே சேர்?"

நியாயமான கேள்வி. இதே மாவட்டத்தில் வேட்பாளராக இருந்த ஆறுமுகன் தொண்டமான் மே 26ஆம் திகதி காலமானார். அவர் இடத்துக்கு ஜீவன் தொண்டமான் நியமிக்கப்பட்டு, ஒரு லட்சத்துக்கு மேல் விருப்பு வாக்குகளும் பெற்றார். வேட்பாளர் இறந்தால் வேறொருவரைப் போடச் சட்டத்தில் வழியுண்டு. உயிரோடிருப்பவர் ஒதுங்கினால் அந்த வழியில்லை. அதே ஆண்டு ஜூனில் மாத்தறையில் முன்னாள் நிதியமைச்சர் மங்கள சமரவீர போட்டியிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். அவ்வளவு பெரியவருக்கும் அறிவிக்கத்தான் முடிந்தது.

"அப்ப பேசாம இருந்துரவா?" என்றார். கூடாது என்றேன்.

பூண்டுலோயாவில் நாம் வாக்கைச் சும்மா பெறவில்லை. 1947இல் மலையகத்திலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்குரிமையை இழந்தது. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கோடகன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. பெயருக்காக அவ்வளவு தூரம் போன சனத்திடம், நிற்காத ஒருவருக்கு வாக்கை வாங்குவது அநியாயம். 'நம்ம பையன்' என்று நம்பிப் போடும் விருப்பு வாக்கு வேறொருவருக்குப் போயிருக்கலாம் அல்லவா?

குழுத் தலைவருக்கும் தெரிவத்தாட்சி அலுவலருக்கும் கடிதம் எழுதினோம். சுவரொட்டிகளை அவரே கிழித்தார். லயம் லயமாகப் போய், "எனக்குப் போட்றாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். சில பெரியவர்கள் ஏசினார்கள், அவர் நின்று கேட்டார். அப்படியும் தேர்தலன்று சிலர் அவருடைய இலக்கத்துக்கே வாக்களித்திருந்தார்கள். செய்தி எட்டாத தோட்டங்கள் இருந்திருக்கின்றன.

இதைத் தனி மனிதரின் நாணயத்தோடு விட்டுவிட முடியாது. விலகிய வேட்பாளர் எழுத்தில் அறிவித்தால், அந்த அறிவித்தலைத் தேர்தல் ஆணைக்குழு மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு சட்டத் திருத்தம் போதும்.