சம்பளத்துக்கு ஒரு சம்சாரம்!

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மிஷிமாவில் இறங்கி ஸ்டேஷனின் மறுபக்கம் போனால், நம்ம எலெக்ட்ரிக் டிரெயினுக்குத் தம்பி மாதிரி ஒரு குட்டி ரயில் நிற்கிறது. மூன்றே பெட்டி. 13 ஸ்டேஷன், 19.8 கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிஷத்தில் ஷூஸென்ஜி.

ஜப்பானுக்குப் போகிறவர்கள் ஃப்யூஜி மலை பார்ப்பார்கள், காமிரா வாங்குவார்கள். நாங்கள் இந்தக் குட்டி ரயிலைத் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு டி.வி. ஸீரியல். பார்த்தது என் மனைவி. செலவு என்னுடையது.

ஸீரியல் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஸ்டேஷன் தாண்டிவிடும். 'நிகேரு வா ஹாஜி தா கா யாகு நி தாட்சு'. ஓடிப் போவது வெட்கம்தான், ஆனாலும் உபயோகமானது என்று அர்த்தம். ஹங்கேரி நாட்டுப் பழமொழியாம். ஜப்பான்காரர்களுக்கே மூச்சு வாங்கி, 'நிகேஹாஜி' என்று சுருக்கிவிட்டார்கள். 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை டி.பி.எஸ். சானலில் செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு வந்தது. மொத்தமே பதினோரு வாரம். (நம்ம ஊர் மாமியார் இதற்குள் ஒரு தடவைகூட முறைத்து முடித்திருக்க மாட்டார்!)

கதை இதுதான். யோகொஹாமாவில் ஹிராமஸா என்று ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினீயர். முப்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி, பெண் வாசனையே அறியாதவர். வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறாள் மிகுரி. எம்.ஏ. லெவலில் சைக்காலஜி படித்தும் வேலை போனவள். அவளுடைய பெற்றோர் கிராமத்துக்குக் குடிபோகத் தீர்மானிக்க, இந்த வேலையும் போய்விடும் என்ற நிலைமை. அப்போது கேட்கிறாள்: "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிற வேலைக்கு வெச்சுக்கறீங்களா?"

ஹிராமஸா வெட்கப்படவில்லை. கணக்குப் போட்டார்! பி.காம். படித்த எனக்கு அந்த இடத்தில்தான் அவரைப் பிடித்துப்போனது. ஒரு இல்லத்தரசி வருஷத்துக்கு 2,199 மணி நேரம் சம்பளமில்லாமல் உழைக்கிறாள், அதன் மதிப்பு 30,41,000 யென் என்கிறது ஸீரியல். வகுத்தால் மணிக்கு 1,383 யென். தினம் ஏழு மணி நேரம், மாதம் இருபது நாள் என்று வைத்தால் சம்பளம் சுமார் 1,94,000 யென். அதில் வாடகை, சாப்பாட்டில் அவள் பங்கு கழித்தல். கையெழுத்து. ஊருக்குத் தம்பதி, வீட்டுக்குள் முதலாளி, தொழிலாளி. அவர் பெட்ரூமில், அவள் ஹாலில். விரல்கூடப் படாது.

"நம்ம வீட்டிலும் ஒருத்தர் ஹால்லதான் படுக்கறார்" என்றாள் என் மனைவி, ஸீரியல் பார்த்த அன்றைக்கு.

நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ராத்திரி எழுதுகிற வேலை ஸார்! விளக்கு அவள் கண்ணைக் குத்துமே என்று ஹாலுக்கு வந்தவன். அது ஆச்சு இரண்டு வருஷம்.

ஷூஸென்ஜி ஸ்டேஷனிலிருந்து வெந்நீர் ஊற்று ஊருக்குப் பஸ்ஸில் பத்து நிமிஷம். நடுவே கட்ஸுரா ஆறு, குறுக்கே சிவப்புப் பாலங்கள், மூங்கில் தோப்பில் ஒரு பாதை. கி.பி. 807-ல் கூகாய் என்ற புத்தத் துறவி இங்கே கோயிலை நிறுவியதாகச் சொல்கிறார்கள். ஆற்றின் குளிர்ந்த தண்ணீரில் ஒரு பையன் நோயாளி அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தானாம். மனசு இளகிய கூகாய், கையிலிருந்த வஜ்ரத்தால் பாறையைத் தட்ட, பீறிட்டது வெந்நீர். நம்ம இந்திரன் கையில் இருக்கிறதே, அதே வஜ்ராயுதம்தான். ஜப்பான் போய் 'தொக்கோ' ஆகிவிட்டது. ஊற்றுக்குப் பெயர் 'தொக்கோ நோ யு'. ஆற்றின் நடுவில் இருக்கிறது. பார்க்கலாம், குளிக்கக் கூடாது.

"அந்தப் பையனுக்கு மணிக்கு 1,383 யென் கொடுத்தாங்களாமா?" என்றேன்.

"அவங்கப்பா தேங்க்ஸாவது சொல்லியிருப்பார்" என்றாள்.

ஐந்து பாலங்களையும் வேண்டிக்கொண்டே கடந்தால் காதல் கைகூடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. "கல்யாணம் ஆனவங்களுக்கு இதிலே என்ன பலன்?" என்று கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. அவள் ஐந்தையும் கடந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும்.

ஸீரியலில் ஆறாவது வாரம் அந்த இரண்டு பேரும் இங்கேதான் வருகிறார்கள். தேனிலவு என்றா சொல்ல முடியும்? கம்பெனி டூர் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்! சத்திரத்தில் ஒரே கட்டில். இரவு முழுக்க ஹீரோவுக்கு நடுக்கம். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் திரும்பும் ரயிலில், கடைசி ஸ்டேஷன் வரும் நேரத்தில், ஹிராமஸா அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிடுகிறார். காண்டிராக்டில் இல்லாத ஐட்டம்!

முதல் வாரம் 10.2 சதவிகிதம் பேர் பார்த்த ஸீரியல், கடைசி வாரம் 20.8 சதவிகிதத்துக்கு ஏறியது. ஏன் ஏறாது? அதே 2016-ல் ஜப்பானின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் எடுத்த சர்வேயில், மணமானவர்களில் 47.2 சதவிகிதம் பேர் ஒரு மாதத்துக்கு மேல் தாம்பத்தியம் இல்லாதவர்கள். பாதி நாடு டி.வி. முன்னால் உட்கார்ந்து தன் வீட்டு ஹாலைத்தான் பார்த்திருக்கிறது! 2023-ல் ஃப்யூஜி டி.வி. இதையே நேரடியாக, கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆன ஜோடியை வைத்து ஒரு ஸீரியலாக எடுத்தது. அதில் சிரிப்பு கம்மி.

நிகேஹாஜியில் எனக்கு வலித்த இடம் முத்தம் இல்லை, பத்தாவது வாரம். காதல் வந்துவிட்டது, சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறார் ஹிராமஸா. கூடவே கணக்கு: மனைவியாகிவிட்டால் சம்பளம் மிச்சம்! மிகுரி முகம் மாறுகிறது. பிடித்திருக்கிறது என்பதற்காக வேலையை இலவசமாக வாங்கிக்கொள்வதா, அது சுரண்டல் அல்லவா என்கிறாள். கடைசியில் முதலாளி-தொழிலாளி முறையை ஒழித்து, இரண்டு பேரும் சமமான பார்ட்னர்கள் என்று குடும்பத்தை நடத்துகிறார்கள். (நடித்த கென் ஹோஷினோவும் யூய் அரகாகியும் 2021-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். சம்பள விவரம் வெளியாகவில்லை.)

திரும்பும்போது அதே ரயில். பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். எட்டு வருஷம் பெருக்கல் 30,41,000. இரண்டு கோடியே நாற்பத்து மூன்று லட்சம் யென் சொச்சம்! பாலன்ஸ் ஷீட்டில் நான் ஒரு தரமும் எழுதாத கடன். நாப்கினை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். மடித்தாள். "பணம் யார் கேட்டாங்க? நீங்க ஹால்ல படுக்கணும்னு எந்தக் காண்டிராக்ட்ல எழுதியிருக்கு, அதைச் சொல்லுங்க."

"விளக்கு உன் கண்ணைக் குத்துமேன்னுதான்..."

"குத்துதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

இரண்டு வருஷமாக நான் கேட்கவே இல்லை. மிகுரியும் ஹிராமஸாவும் வெட்கத்தை விட்டு ஒவ்வொன்றையும் பேசி எழுதிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை கட்டிக்கொள்ளும் நாள் என்பது உட்பட. நாங்கள் அக்னி சாட்சியாகக் கல்யாணம் செய்துகொண்டு, விளக்கை அணைப்பதா வேண்டாமா என்றுகூடப் பேசிக்கொள்ளவில்லை.

மிஷிமா-ஹிரோகோஜி தாண்டியது. அடுத்தது மிஷிமா, கடைசி ஸ்டேஷன். எல்லாரும் எழுந்தார்கள். அவள் கை என் கை மேல் இருந்தது. நாங்கள் கடைசியாகத்தான் இறங்கினோம்.

ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம், ஹாலில் கிடந்த தலையணையை உள்ளே கொண்டுபோய்ப் போட்டது. இந்தக் கட்டுரையைக்கூடப் பெட்ரூமில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பக்கத்தில் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

சம்பள விஷயம் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.