பந்தியை அளந்து எழும்பும் சமையல்கூடம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைக் கடந்து அடி அண்ணாமலை ஊருக்குள் திரும்பினேன். நான் தேடிப்போன வீட்டின் புழக்கடையில் தனிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றவரும் உறவும் நட்பும் இங்கேதான் காலாறுவார்கள். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். அத்தனை பேருக்கும் வீட்டு அடுப்பில் உலை வைக்க முடியாது.

நான் அடுப்பைத் தேடினேன். மேஸ்திரியோ முதலில் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். "இத அளந்துட்டுதான் சார் மத்ததெல்லாம் போட்டோம்" என்றார். சம்மணமிட்டு உட்காரும் ஒருவருக்கு இரண்டடி இடம். ஆளும் இலையுமாக ஒரு வரிசைக்கு நாலடி ஆழம். எதிரெதிரே இரண்டு வரிசை. நடுவே ஒருவர் சாம்பார் வாளியோடு போகவும் இன்னொருவர் சோற்றுடன் எதிரே வரவும் நாலடி. ஆக அகலம் 12 அடி. நீளம் 24 அடி. பந்திக்கு 24 பேர்.

இதுதான் சரியான வரிசை என்பேன். இப்போது கட்டும் பல புழக்கடைச் சமையல்கூடங்களில் மேடைக்கும் புகைபோக்கிக்கும் பணம் கொட்டுகிறார்கள். வந்தவர் தட்டை ஏந்திக்கொண்டு உட்கார இடம் தேடுகிறார். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தரையில் பந்தி என்ற எண்ணம் வீட்டுக்காரம்மாவுக்கு ரமணாசிரமத்தில் வந்ததாம். அது இதே பாதையில், மலையின் தென்பக்கம் இருக்கிறது. ரமணரின் தாய் அழகம்மாள் 1916இல் மகனோடு தங்க வந்த பிறகு மலைமேல் மூண்டது அதன் அடுப்பு. 1922இல் தாய் சமாதியான பின் அடிவாரத்துக்கு இறங்கியது. ஆசிரமத்தின் உணவுக்கூடம் சீடர் அண்ணாமலை சுவாமியின் மேற்பார்வையில் 1930களில் எழுந்தது. ரமணர் விடியுமுன் அடுப்படிக்கு வந்து காய் நறுக்குவார். பந்தியில் எல்லோரோடும் உட்காருவார். தன் இலையில் கூடுதலாக எதையும் வைக்க விடமாட்டார். அங்கே அடுப்பும் பந்தியும் அடுத்தடுத்து இருப்பதால் சோறு சூடு ஆறுவதற்குள் இலைக்கு வந்துவிடும். இங்கேயும் இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட ஒரு சின்ன வழி மட்டுமே.

அடுப்பறை தென்கிழக்கில், அக்கினி மூலையில். கூடம் வடமேற்கில். சாஸ்திரத்துக்காக வைத்ததா என்று கேட்டேன். "காத்துக்கும்தான் சார்" என்றார் மேஸ்திரி. யோசித்துப் பார்த்தேன். ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். புகை வடகிழக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். புகை தென்மேற்கே போகும். இரண்டு பருவத்திலும் கூடம் புகைக்குத் தப்பிவிடுகிறது. விறகடுப்பு வைக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய கணக்கு இது. தீபம் மழைக்காலத்தில் வருவதால் தாழ்வாரத்தை நாலடி வெளியே நீட்டியிருக்கிறார்கள். குரங்குகளுக்காக ஜன்னலெல்லாம் கம்பிவலை.

அடுப்பறையில் மேடையே இல்லை. தரையோடு ஒரு கோட்டை அடுப்பு, வாய் முட்டியளவு உயரம். அண்டாவை இரண்டு பேர் பிடித்து இறக்க அந்த உயரம்தான் தோதானது. இடுப்பளவு மேடையிலிருந்து கொதிக்கும் அண்டாவைத் தூக்குவது ஆபத்து. அடுப்பை ஒட்டியே கஞ்சி வடிக்கச் சரிவான ஒரு கல் தொட்டி. வடிகஞ்சி மாட்டுக்கான கழுநீர்த் தொட்டிக்குப் போகும். கை கழுவும் தண்ணீர் தனிக் குழாயில் வாழைக்கு. சாப்பிட்ட இலைக்கு மூடியோடு ஒரு குழி, பின்வாசலை ஒட்டி.

தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வாங்கி அடுக்கியிருந்தார்கள். அதை மட்டும் நான் ஒப்பவில்லை. எண்ணெயும் ரசமும் சிந்தும் இடத்தில் வாளியோடு ஓடுகிறவர் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? சொரசொரப்பான கருங்கல் பலகை போதும் என்றேன். வீட்டுக்காரம்மா கொஞ்சம் யோசித்து, டைல்ஸை வீட்டுக் குளியலறைச் சுவருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

முட்டிவலிக்காரர்களுக்கு மூலையில் மேசை போடலாமா என்று அவரே கேட்டார். தனியாக உட்கார வைத்தால் பரிமாறுகிறவர் அவர்களைக் கடைசியில்தான் நினைப்பார்; வரிசையிலேயே திண்ணையாகக் கட்டுங்கள் என்றேன். மேஸ்திரி டேப்பைப் பிரித்தார்.

"வாசப்பக்கம் நாலு பேருக்கு ஒன்றரை அடி ஒசரத்துல கட்டிடலாம்மா. இலை போட முன்னாடி ஒரு பலகை வச்சிக்கலாம். செங்கல்லு மீதி இருக்கு."