கிழட்டு பேட்டரியின் மதிப்பு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, வீட்டுப் படங்களுக்கும் கோப்புகளுக்கும் சர்வராக வைத்துக்கொள்ளலாம் என்றால், ‘அதற்குத்தான் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி இருக்கிறதே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பையில் இல்லாத ஒன்று லேப்டாப்பில் கூடவே வருகிறது: பேட்டரி. இரவு பகலாக ஓடுவதை சர்வர் தாங்கிக்கொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதைத்தான் தாங்காது. அரை மணி நேரமே நிற்கும் கிழட்டு பேட்டரிகூட அங்கே யூபிஎஸ் வேலையைப் பார்த்துவிடும். சார்ஜ் தீரும் தறுவாயில் தானே முறையாக அணைந்துகொள்ளும்படியும் அமைத்துவிடலாம்.

இந்த அனுகூலத்தைப் பெரும்பாலும் கெடுப்பது நாம் வாங்கும் டிஸ்க்தான். 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், டிஸ்க் நின்றுவிடும். லினக்ஸில் வெளி டிஸ்க் வந்து பொருந்தும் இடம் ஒரு சாதாரணக் கோப்புறை. டிஸ்க் வராவிட்டாலும் கோப்புறை அங்கேயே இருக்கும். லேப்டாப் மறுபடி துவங்கும்போது டிஸ்க் பொருந்தாமல் போனால், இரவில் நடக்கும் நகலெடுப்பு ஒரு பிழையும் காட்டாமல் உள் டிஸ்க்கை நிரப்பிக்கொண்டே போகும். டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்தக் கோப்புறையில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவைப்பது இதற்குப் பரிகாரம். அதைவிட நல்லது, யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கும் 2.5 அங்குல டிஸ்க்கை வாங்குவது. லேப்டாப்பின் பேட்டரி அதையும் சேர்த்துக் காக்கும். செருகும் துளை யூஎஸ்பி 3 ஆக இருக்கட்டும். அது 900 மில்லி ஆம்பியர் வரை தரும். யூஎஸ்பி 2-இன் 500 மில்லி ஆம்பியரில் சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கவே திணறும்.

மின்கட்டணம் ஏறாதா என்றால், ஏறும். திரை அணைந்த லேப்டாப்பும் டிஸ்க்கும் சேர்ந்து 15 வாட் எடுப்பதாக வைத்தால், 60 நாளுக்கு 21.6 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அதைத் தாண்டிய வீட்டில் இந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேல் அடுக்கின் விலையில்தான் விழும். இந்தக் கணக்கில் பைதான் ஜெயிக்கும். ஆனால் பைக்கு யூபிஎஸ்ஸும் வாங்க வேண்டியிருந்தால், மிச்சமாகும் கட்டணம் அந்த விலையை ஈடுகட்டப் பல காலம் ஆகும். எப்போதும் சார்ஜரில் கிடக்கும் பேட்டரி வீங்காதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் வீங்கும் அபாயம் உண்டு. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி உப்பினாலோ பேட்டரியைக் கழற்றியே ஆக வேண்டும். பேட்டரி போனால், லேப்டாப்புக்காக இதுவரை சொன்ன வாதமும் அதோடு போய்விடும்.

கரண்ட் போவதை பேட்டரி சமாளிக்கும். டிஸ்க்கின் சாவை அது சமாளிக்காது. ஆகவே ஒரு 4 டிபி டிஸ்க்குக்குப் பதில் இரண்டு 2 டிபி டிஸ்க்காக வாங்குங்கள். ஒன்று லேப்டாப்பில் இருக்கட்டும். அதன் நகலாக மற்றது வேறொரு வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.