புதுப் பெட்டிக்குள் பழைய விண்டோஸ்

மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனவர்கள் கவனித்திருக்கலாம். சில கடைகளில் முன் மேஜையில் பளபளவென்று ஒரு புதுக் கணினி இருக்கும். பில் போடுவது, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை இறக்குவது எல்லாம் அதில்தான். ஆனால் பத்திரிகை வேலை என்று வந்துவிட்டால் கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விடுவார். அங்கே பழுப்பேறிய ஒரு பெட்டி, ஃபேன் இரைச்சலோடு, பச்சைப் புல்வெளி வால்பேப்பரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி!

"ஏண்ணே, புதுசுலயே அடிச்சிரலாம்ல?" என்று கேட்டால், "அதுல பேஜ்மேக்கர் ஓடாது தம்பி" என்று பதில் வரும்.

அந்தப் பதில் பாதிதான் சரி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். அது 32 பிட் மென்பொருள். இன்றைய 64 பிட் விண்டோஸ், 32 பிட் மென்பொருளை ஓட்டும். கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிரிண்டர் டிரைவரோடு சண்டை போடும், ஆனாலும் பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உண்மையில் ஓடாதது 16 பிட் சமாச்சாரங்கள். 64 பிட் விண்டோஸில் அவற்றுக்கான ஏற்பாடே கிடையாது. இதில் ஒரு கூத்து உண்டு. 90களில் வந்த பல மென்பொருட்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றை நிறுவும் செட்டப் நிரல் 16 பிட்டாக இருக்கும். வீடு நன்றாக இருக்கிறது, வாசல் கதவுதான் திறக்கவில்லை என்கிற நிலைமை.

சரி, பேஜ்மேக்கரை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழவேண்டும்? அடோபி நிறுவனம் 1999லேயே இன்டிசைனைக் கொண்டுவந்துவிட்டதே? கேள்வி நியாயமானது. பதில் பேஜ்மேக்கரில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது.

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸில் அது ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவோடு. அதற்கு முன்பே டி.டி.பி. கடைகள் தமிழில் அடித்துக் குவித்துக்கொண்டிருந்தன. எப்படி? ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை அது அர்த்தமில்லாத ஆங்கிலம். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். எழுத்துரு போனால் ஜேகேபிஓ.

இது பாமினிக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு அடுக்கு வைத்திருந்தது. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அரசு தரமாக அறிவித்தது. இணையத்தில் புழங்கியவர்கள் இன்னொரு பக்கம் டிஸ்கி குறியீட்டை வைத்துக்கொண்டார்கள். பிறகு 2010இல் கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில் அரசு யூனிகோடையும், அச்சு வேலைக்காக டேஸ்16 குறியீட்டையும் ஏற்றுக்கொண்டது. இத்தனையும் நடந்தபோது கடைக்காரர் என்ன செய்தார்? பழைய எழுத்துருவிலேயே அடித்துக்கொண்டிருந்தார். அவர் ஹார்ட் டிஸ்கில் அதற்குள் பல வருடக் கோப்புகள் சேர்ந்துவிட்டன. அவர் விரல்களும் பழைய தமிழ் டைப்ரைட்டர் விசைகளுக்குப் பழகிவிட்டன. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. யூனிகோடுக்கு மாறினால் பேஜ்மேக்கரை விடவேண்டும். பேஜ்மேக்கரை விட்டால் பழைய கோப்பைத் திறக்க முடியாது. இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு (2012) வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி இருந்தது. அதற்குப் பின்னால் வந்த மாதச் சந்தாப் பதிப்புகளில் அதையும் எடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது.

பிளெக்ஸ் கடைகளிலும் இதே கதைதான். அங்கே பேஜ்மேக்கருக்குப் பதில் 2002இல் வந்த போட்டோஷாப் 7. மதுரையின் புகழ்பெற்ற போஸ்டர் வாசகங்களை, இருபது வருடத்துக்கு மேல் வயதான அந்த மென்பொருளை விடாமல் வைத்திருந்த கைகளும் அடித்துத் தள்ளியிருக்கின்றன. வேகமாகத் திறக்கும், சந்தா கேட்காது, இணையம் வேண்டாம். வேறென்ன வேண்டும்?

பத்திரிகையும் போஸ்டரும் போனால் போகிறது, நாள் முடிந்தால் குப்பைதானே என்று தோன்றலாம். ஆனால் இதே கடைகளில்தான் ஊர்க்காரர்கள் எழுதிய உள்ளூர் வரலாறுகள், கோயில் தல புராணச் சிறு பிரசுரங்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், நூறு பிரதி மட்டும் அச்சடித்த கவிதைத் தொகுப்புகள் எல்லாம் தட்டச்சாகியிருக்கின்றன. ஆசிரியரிடம் கையெழுத்துப் பிரதி இருக்காது. புத்தகமும் தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது அந்தப் பழுப்புப் பெட்டியில் உள்ள ஒரு கோப்பு. பெட்டி செத்தால் அதுவும் செத்தது.

பெட்டி சாவது எப்போதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. முதலில் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீரும். காலையில் போட்டால் தேதி பல வருடம் பின்னால் நிற்கும். அது சில்லறைச் செலவு. பிறகு பவர் சப்ளை. கடைசியில் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு பேக்கப் பற்றி யோசிப்பவர்கள்தான் அதிகம்.

புது மெஷின் வாங்கி அதில் நேராக எக்ஸ்பியைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் முயல்வார்கள். நீல நிறத் திரைதான் மிஞ்சும். எக்ஸ்பி சிடியில் இன்றைய டிஸ்குகளுக்கான டிரைவர் கிடையாது. பழைய பயாஸ் முறையில் துவங்கவேண்டிய ஆள் அது. புதுக் கணினிகளில் பல யூ.இ.எஃப்.ஐ. முறையில் மட்டுமே துவங்குகின்றன. கிராபிக்ஸுக்கு, வைஃபைக்கு டிரைவர் எழுதித் தர யாரும் இல்லை. 32 பிட் எக்ஸ்பிக்கு 4 ஜிபிக்கு மேல் ராம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அதைக் கைகழுவிவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது மனம் இரங்கி ஒரு பேட்ச் கொடுத்தார்கள். தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. ஏடிஎம்கள்கூட அப்போது எக்ஸ்பியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2019 ஜூனுக்குள் மாற்றியாகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைக்கவேண்டியிருந்தது.

ஆக வழி என்ன? புதுக் கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை உண்டாக்குவது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அது எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய டிஸ்க், பழைய நெட்வொர்க் கார்டு, பழைய திரை எல்லாம் இருப்பதாக நடிக்கும். எக்ஸ்பியும் நம்பி உட்கார்ந்துவிடும். 512 எம்பி ராம் கொடுத்தாலே போதும், அந்தக் காலத்தில் கனவில்கூடக் காணாத வேகத்தில் பேஜ்மேக்கர் திறக்கும். நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து வைப்பது நல்லது. பாதுகாப்பு இல்லாத ஒரு விண்டோஸை இணையத்தில் விடுவது, மாட்டுத்தாவணியில் பர்ஸைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

அச்சுக்கு என்ன செய்வது? புதுப் பிரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் இருக்காது. எக்ஸ்பிக்குள் ஒரு பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரை நிறுவி, அச்சைக் கோப்பாக எடுத்து, வெளியே கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் வைத்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் அதற்கு மேல் எந்தப் பிரிண்டரும் சரி.

சிக்கல் வருவது டாங்கிளில். அந்தக் காலத்து இந்திய மொழி மென்பொருட்களில் சில, திருட்டுக்குப் பயந்து ஒரு பூட்டோடு வந்தன. 25 ஊசி உள்ள பேரலல் போர்ட்டில் செருகும் கட்டைவிரல் அளவு சமாச்சாரம். அது செருகியிருந்தால்தான் மென்பொருள் வாய் திறக்கும். இன்றைய கணினிகளில் அந்தப் போர்ட்டே இருப்பதில்லை. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள்கள் கிடைக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் பிரிண்டருக்கு மட்டும்தான் ஆகும், டாங்கிளோடு பேசாது. யுஎஸ்பி டாங்கிளாக இருந்தால் தப்பித்தார்கள், அதை விர்ச்சுவல் மெஷினுக்குள் அப்படியே திருப்பிவிடலாம். காசு கொடுத்து ஒழுங்காக வாங்கியவர் மாட்டிக்கொள்ள, திருட்டுக் காப்பி வைத்திருந்தவர் நிம்மதியாக மாறிப் போவதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

கல்லூரி மாணவர்கள் இதைப் படித்துவிட்டு டி.டி.பி. கடைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். டர்போ சி++ ஞாபகம் இருக்கிறதா? 90களின் தொடக்கத்தில் டாஸுக்காக வந்த அந்த நீலத் திரையில்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரி ஆய்வகங்கள் 2010க்குப் பிறகும் சி சொல்லிக் கொடுத்தன. மடிக்கணினிகள் 64 பிட்டுக்கு மாறியதும் அது திறக்கவில்லை. உடனே டாஸ்பாக்ஸோடு சேர்த்துக் கட்டிய ஒரு செட்டப் கோப்பு பென் டிரைவ் பென் டிரைவாகப் பரவியது. டாஸ்பாக்ஸ் உண்மையில் பழைய விளையாட்டுகளுக்காக 2002இல் வந்த இலவச மென்பொருள். அது செயலியையே மென்பொருளால் நடித்துக் காட்டும். வேகத்தைக்கூட வேண்டுமளவு குறைக்கலாம். வேகத்தைக் குறைப்பது எதற்கு என்கிறீர்களா? டர்போ பாஸ்கலில் எழுதிய பல நிரல்கள், செயலி ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் துவக்கத்திலேயே செத்து விழுந்தன. காத்திருப்பு நேரத்தை அளக்கும் கணக்கு, இவ்வளவு வேகமான கணினி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிழை எண்ணும் 200தான், தற்செயலாக.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. பேஜ்மேக்கர்க்காரருக்குப் பழையதைத் திறக்கவேண்டிய தேவை இருக்கிறது. டர்போ சிக்கு அப்படி என்ன தேவை? ஜிசிசி இலவசம். டர்போ சியில் முழு எண் 2 பைட். 32767உடன் ஒன்று கூட்டினால் மைனஸ் 32768 வரும். அதையே விடையாக எழுதி மார்க் வாங்கிவிட்டு, வேலையில் சேர்ந்ததும் அதே எண் 4 பைட்டாக இருப்பதைப் பார்த்து முழிப்பார்கள். பழைய மென்பொருளைக் காப்பாற்றுவது வேறு, அதை விட்டு வெளியே வர சோம்பல் படுவது வேறு.

மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சி இதற்கு நேர் எதிர் வழியில் போனது. மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. இந்த ஊரில் அல்ல. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, உலகமெங்கும் உள்ள தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். சங்கம் வைத்த ஊர் என்பதற்காக மதுரை பெயர். ஆரம்ப நூல்கள் அன்றைய எழுத்துருக்களில்தான் இருந்தன. பிறகு டிஸ்கிக்கு மாற்றினார்கள், அதன் பிறகு யூனிகோடுக்கு. கணினியைக் காப்பாற்றவில்லை, எழுத்தைக் காலத்துக்கேற்ப தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதனால் இன்று கைப்பேசியில்கூட அந்த நூல்கள் திறக்கின்றன.

கடைக்காரரும் அப்படியே மாற்றிவிடலாமே? மாற்றிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் எல்லாம் இலவசமாகவே வந்தன. ஆனால் மாற்றிக்குத் தெரிந்த எழுத்துருவாக இருக்கவேண்டும். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பிறகு அடிப்பார்கள், யூனிகோடில் தலைகீழ். இதை மாற்றி சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது மனிதர்கள் செய்ததை. காலுக்குப் பதில் 'ர'வை அடித்திருப்பார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மாற்றினால் 'காலம்' 'கரலம்' ஆகிவிடும். இடையில் வரும் ஆங்கில வார்த்தை தமிழ்க் குப்பையாக மாறும். ஒரு 200 பக்கப் புத்தகத்தை மாற்றினால் 200 பக்கத்தையும் யாராவது உட்கார்ந்து படித்தாகவேண்டும். கடைக்காரருக்கு அதற்கு யார் கூலி கொடுப்பது?

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் எழுதவும் இப்போது கணினி வந்துவிட்டது. பேர், ஊர், தொகை எல்லாம் அடித்து உடனே ரசீது. பத்து வருடம், இருபது வருடம் கழித்து அதே வீட்டில் விசேஷம் வரும்போது அந்தக் கணக்கு திறந்தாகவேண்டும், இல்லையென்றால் உறவே முறிந்துபோகும். நோட்டுப் புத்தகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளும் பெரியவர்கள் புத்திசாலிகள்.

பழைய எக்ஸ்பி பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வேலை செய்யலாம். மைக்ரோசாப்ட்டின் டிஸ்க்2விஎச்டி என்ற சின்ன நிரலின் பழைய பதிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பியின் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துத் தரும். எழுத்துரு, பேஜ்மேக்கர், கோப்புகள் எல்லாம் அப்படியே அதில் இருக்கும். அதை எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்துக்கொண்டு விர்ச்சுவல்பாக்ஸில் திறந்து பார்க்கலாம். முதல் தடவையே துவங்கிவிடும் என்று சொல்ல முடியாது, டிஸ்க் கண்ட்ரோலரை ஐடிஇ என்று மாற்றிப் பார்க்கவேண்டியிருக்கும், விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கவும் செய்யும். ஆனால் கோப்புகள் கையில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை பூட்டியிருக்கும் நேரம் இதற்குப் போதும். அந்த டிக் டிக் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்னால்.